ஹேண்டில்பார் எட்டு சென்டிமீட்டர் ஏறிய கதை



இது ஒரு சைக்கிளின் ஹேண்டில்பாரை உயர்த்தியது பற்றிய பதிவு. அரசியல் இல்லை, ஆன்மிகம் இல்லை, பூப்படம் போட்ட காலை வணக்கமும் இல்லை. நீளமானது. வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள். நடுவில் கொஞ்சம் முக்கோணவியல் வரும், பயப்பட வேண்டாம், மார்க் கிடையாது.

மகன் கனடா போகும்போது விட்டுவிட்டுப் போன கியர் சைக்கிள்தான் நான்கு வருஷமாக என் வாகனம். மவுண்டன் பைக் என்பார்களே, தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், அந்த ரகம். அவன் உயரம் ஐந்தடி பதினொன்று. நான் ஐந்தடி ஐந்து. சீட்டை இறக்குவது சுலபம், ஒரு லீவரைத் தள்ளினால் போதும், இறக்கிக்கொண்டேன். காலையில் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி, பாரியூர் பக்கமாகப் போய்த் தடப்பள்ளி வாய்க்கால் மேட்டில் ஏறினால் ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நெல் வயல். போக வர 14 கிலோமீட்டர். மேடு பள்ளம், செம்மண், மழை பெய்தால் சேறு. அந்தப் பாதைக்கு இந்தத் தடித்த டயர்தான் சரி. என் மூன்று மாத சராசரி சர்க்கரை 8.1-லிருந்து 6.9-க்கு இறங்கியது இந்தச் சைக்கிளால்தான். மாத்திரையும் காரணம் என்று உங்கள் அம்மா சொல்வார். இருக்கட்டும்.

போன ஐப்பசியில் கை மரத்துப்போக ஆரம்பித்தது. இரண்டு கையிலும் சுண்டு விரலும் மோதிர விரலும். முதலில் வீட்டுக்கு வந்து பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். அப்புறம் அரை மணி ஆனது. கார்த்திகையில் ஒரு நாள் குளித்துவிட்டு வந்து சட்டைப் பட்டன் போடுகிறேன், இடது கை விரல் பட்டனைப் பிடிக்கவில்லை.

மரத்துப்போவது என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே ஞாபகம்தான் வரும். என் பெரிய அண்ணனுக்குச் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி போய், புண் வந்ததே தெரியாமல் நடந்து, கடைசியில் இரண்டு கால் விரலை எடுக்க வேண்டி வந்தது. சொந்தங்களுக்கு இது தெரியும். ஆகவே நான் பட்டன் போட முடியாமல் நின்றதைப் பார்த்ததும் உங்கள் அம்மா முகம் போன போக்கை நான் எழுத வேண்டியதில்லை.

"ஏனுங்க, எதுக்கு இந்த வயசுல பையன் சைக்கிளு? வித்துப்போட்டுப் பேசாம நடந்து போங்க" என்றார். கோயமுத்தூரிலிருந்து மகள் போன் பண்ணி அதையே கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து சொன்னாள். விற்பதற்கு ஆள்கூடப் பார்த்துவிட்டார்கள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். என்னிடம் படித்தவர் இல்லை, ஆனாலும் நல்ல டாக்டர். கேட்டது மூன்று கேள்வி. எந்தெந்த விரல்? எப்போது ஆரம்பிக்கிறது? காலில் இருக்கிறதா? சுண்டு விரல், மோதிர விரல், சைக்கிளில் ஏறி இருபது நிமிடத்தில், காலில் ஒன்றுமில்லை என்றேன். பாதத்தையும் ஒரு மெல்லிய நைலான் இழையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் உணர்ச்சி இருந்தது.

சர்க்கரையால் வரும் மரத்தல் பெரும்பாலும் பாதத்தில்தான் தொடங்குமாம். கையில் சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் போகிற நரம்பு ஒன்று இருக்கிறது, அல்நார் நரம்பு. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுரீரென்று மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்குமே, அதே நரம்புதான். அது மணிக்கட்டைத் தாண்டி, உள்ளங்கையின் சுண்டு விரல் பக்கத்து அடிமேடு வழியாகப் போகிறது. சைக்கிள் ஓட்டும்போது நாம் அழுத்துவது சரியாக அந்த இடத்தை. குனிந்து ஓட்டினால் உடம்பின் பாரம் கைக்கு வருகிறது, கை அந்த நரம்பை ரப்பர் பிடிமேல் வைத்து நசுக்குகிறது. தினமும் ஒரு மணி நேரம்.

"சைக்கிளை நிறுத்தாதீங்க சார், சர்க்கரைக்கு அது வேணும். கையில இருக்கிற வெயிட்டை எடுங்க. ஹேண்டில்பாரை உயர்த்தி, கிட்டக் கொண்டு வாங்க. ஆறு வாரம் பாத்துட்டு வாங்க, குறையலைன்னா நரம்பு டெஸ்ட் எடுப்போம்" என்றார்.

வீட்டுக்கு வந்து டேப் எடுத்து அளந்தேன். தரையிலிருந்து சீட்டு 94 சென்டிமீட்டர். ஹேண்டில்பார் 91. கை சீட்டைவிட 3 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது! மகன் பந்தய வேகத்துக்காக அப்படி வைத்திருந்தான். காற்றைக் கிழிக்க அது நல்லது. 67 வயதில் நான் காற்றை எதற்குக் கிழிக்க வேண்டும்?

முதலில் போனது ஒரு பெரிய ஷோரூம். பெயர் வேண்டாம். அங்கிருந்த பையன் சைக்கிளைத் தொடக்கூட இல்லை, நின்ற இடத்திலிருந்தே, "இது புது மாடல் அங்கிள், ஏத்த முடியாது. வேணும்னா சிட்டி பைக் பாருங்க, எக்ஸ்சேஞ்ச்ல பண்ணிக்கலாம்" என்று விலைப்பட்டியலை நீட்டினான். நானும் அப்படியா தம்பி என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் சத்தி ரோட்டோரம் ஒரு சின்னக் கடை. என் பழைய மாணவன். பெயரைப் போடாதீங்க சார் என்று சொல்லிவிட்டதால் போடவில்லை, அவன் வகுப்புக்காரர்களுக்குப் புரியும். ஒன்பதாவதோடு நின்றவன். அவன் அப்பா தவறிப்போன வருஷம் அது. இப்போது கடையில் இரண்டு பையன்களுக்கு வேலை கொடுத்திருக்கிறான். சைக்கிளைப் பார்த்தான், சிரித்தான்.

"ஏத்த முடியாதுன்னு எவன் சொன்னானுங்க சார்? ஏத்தறதுக்குன்னே மேல மூணு வளையம் சும்மா உக்காந்துட்டிருக்குது பாருங்க."

பார்த்தேன். இருந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, நம் பழைய கறுப்பு சைக்கிளைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். குரங்குப் பெடல் போட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அதில் ஹேண்டில்பாரின் கழுத்துக் கம்பி ஃபோர்க் குழாய்க்கு உள்ளே இறங்கியிருக்கும். மேலே ஒரு போல்ட், அடியில் ஆப்பு. போல்ட்டை முறுக்கினால் ஆப்பு மேலே இழுபட்டுக் கம்பியைக் குழாயோடு இறுக்கிவிடும். உயர்த்த வேண்டுமானால் போல்ட்டை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, மேலே ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியால் ஒரு போடு. ஆப்பு விடுபடும். தூக்கிக்கொண்டு மறுபடி முறுக்க வேண்டியதுதான். நான் வளர வளர என் அப்பா ஒவ்வொரு கோடை லீவிலும் சீட்டையும் ஹேண்டிலையும் ஒரு விரல் உயர்த்துவார். கம்பி பிரேக் வைத்த வண்டி ஆனதால் அந்தக் கம்பி இணைப்பையும் தளர்த்தி மறுபடி பிடிக்க வேண்டும், அதற்குத்தான் அரை நாள் ஆகும்.

அந்த மாதிரி சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நிறைய கழுத்துக் கம்பிகளில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்குத் தூக்கக் கூடாது. உள்ளே பிடிமானம் போதாமல், ஒரு பள்ளத்தில் இறங்கும்போது ஹேண்டில் கையோடு வந்துவிடும். கோடு தெரிந்தால் நீளமான கழுத்து வாங்கிப் போடுங்கள்.

இப்போது வரும் மவுண்டன் பைக்கில் அமைப்பு வேறு. 1990களில் பரவிய முறை இது. ஃபோர்க் குழாயே மேலே நீண்டு வரும். அதற்கு வெளியே ஸ்டெம் என்ற குட்டைக் கை கவ்விப் பிடித்திருக்கும். கவ்வுவதற்குப் பக்கவாட்டில் இரண்டு போல்ட். ஸ்டெம்முக்கு மேலேயோ கீழேயோ வளையங்கள், ஸ்பேசர் என்பார்கள். எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு மூடி, நடுவில் ஒரு போல்ட். அந்த உச்சி போல்ட்தான் ஹேண்டிலைப் பிடித்திருக்கிறது என்று பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். இல்லை. அது பேரிங்கில் ஆட்டம் இல்லாமல் அழுத்தி வைப்பதற்கு மட்டும். பிடித்திருப்பது பக்கவாட்டுப் போல்ட்கள்தான்.

இதில் ஸ்டெம்மை உள்ளே தள்ளி உள்ளே இழுக்கிற பேச்சே கிடையாது. குழாய் எவ்வளவு நீண்டிருக்கிறதோ அவ்வளவுதான் இடம். அதனால்தான் ஏத்த முடியாது என்ற பேச்சு வருகிறது. குழாயை ஒட்ட வெட்டியிருந்தால் அதில் பாதி உண்மை. என் சைக்கிளில் வெட்டவில்லை. மூன்று பத்து மில்லிமீட்டர் வளையங்கள் ஸ்டெம்முக்கு மேலே இருந்தன. அவற்றைக் கீழே போட்டால் ஸ்டெம் மேலே வரும். அவ்வளவுதான் ரகசியம்.

அவன் செய்த வரிசையை அப்படியே எழுதுகிறேன். வண்டியைக் கீழே நிற்க வைத்து முன்சக்கரத்தை முழங்காலால் பிடித்துக்கொண்டான். உச்சிப் போல்ட்டைக் கழற்றி மூடியை எடுத்தான். பக்கப் போல்ட் இரண்டையும் தளர்த்தி, ஸ்டெம்மை ஹேண்டில்பாரோடு மேலே உருவினான். மூன்று வளையத்தையும் குழாயில் போட்டான். பிறகு, நான் எதிர்பார்க்கவில்லை, முகப்பில் இருந்த நான்கு போல்ட்டையும் கழற்றி ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பினான். அது நேர்க் குழாய் இல்லை, 7 டிகிரி சாய்வு உள்ளது. மகன் கீழ்நோக்கிப் போட்டிருந்தான். திருப்பிப் போட்டால் மேல்நோக்கி வரும். பத்துப் பைசா செலவில்லை.

மாட்டும்போதுதான் வரிசை முக்கியம். முதலில் உச்சிப் போல்ட், ஆட்டம் போகும்வரை மட்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் கழுத்தில் டக் டக் என்று தட்டக் கூடாது, ஹேண்டில் திரும்புவதில் இறுக்கமும் கூடாது. பிறகு ஸ்டெம்மும் முன்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று மேலிருந்து பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் பக்கப் போல்ட்கள், மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. பக்கத்தை இறுக்கிவிட்டு உச்சியை முறுக்கினால் பேரிங்குக்கு ஒன்றும் போய்ச் சேராது. இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள்.

என் ஸ்டெம்மில் 5 நியூட்டன் மீட்டர் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. 10 சென்டிமீட்டர் நீளமுள்ள எல்-கீயின் முனையில் ஏறக்குறைய 5 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு அது. நம்மூரில் பலம் உள்ளவர்கள் போல்ட்டை மாவாட்டுகிற மாதிரி முறுக்கிவிடுகிறார்கள். அலுமினியத்தில் மரை போய்விடும். உங்கள் வண்டியின் குழாய் கார்பன் என்றால் இன்னும் கவனம், தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது கணக்கு. "சைன், காஸ் எல்லாம் எங்க சார் வாழ்க்கையில வரப்போகுது?" என்று ஒவ்வொரு வருஷமும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். இதோ வந்துவிட்டது.

சைக்கிளின் கழுத்து நேராக நிற்பதில்லை, பின்னால் சாய்ந்திருக்கிறது. என் வண்டியில் தரையோடு 71 டிகிரி. அந்தச் சாய்வில் 30 மில்லிமீட்டர் ஏறினால், உயரத்தில் கிடைப்பது 30 பெருக்கல் சைன் 71, அதாவது 28. பின்னால், நம்மைப் பார்த்து வருவது 30 பெருக்கல் காஸ் 71, ஏறக்குறைய 10. ஸ்டெம் நீளம் 90. முன்பு தரைமட்டத்துக்கு 12 டிகிரி மேலே பார்த்தது, திருப்பிய பிறகு 26 டிகிரி. இரண்டு சைனுக்கும் உள்ள வித்தியாசத்தை 90-ஆல் பெருக்கினால் 21 மில்லிமீட்டர் உயரம். காஸில் 7 மில்லிமீட்டர் கிட்ட வருகிறது. மொத்தம் 49 மேலே, 17 கிட்டே.

நான் இதை அவன் கடை அட்டைப்பெட்டியில் பென்சிலால் போட்டுக்கொண்டிருக்க, அவன் டேப்பைத் தரையில் ஊன்றி அளந்துவிட்டு, "அஞ்சு சென்டி சார்" என்றான். என் கணக்கு 4.9. அந்த ஒரு மில்லிமீட்டரைப் பற்றி நாங்கள் இருவரும் விவாதிக்கவில்லை. டீ வந்துவிட்டது.

மேலே ஏற்றுவதைவிட கிட்டே வருவதுதான் முக்கியம் என்று அவன் சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன். கை நீட்டமாக இருந்தால் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் தோளும் கழுத்தும் இழுக்கும். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும்.

அன்றே ரைசர் பார் போட்டுவிடு, இன்னும் உயரட்டும் என்றேன். மறுத்துவிட்டான். "ஒரேயடியா ஏத்தாதீங்க சார். ரெண்டு வாரம் ஓட்டிப் பாருங்க, உடம்பு சொல்லும்." ரைசர் பார் என்பது நடுவில் தாழ்ந்து இரண்டு பக்கமும் உயர்ந்திருக்கும் ஹேண்டில்பார். என்னுடையது நேர்க் கம்பி.

இரண்டு வாரத்தில் மரத்தல் பாதியாகக் குறைந்தது. போகவில்லை. மார்கழிக் கடைசியில் 30 மில்லிமீட்டர் ரைசர் போட்டான். அப்போது ஒரு விஷயம் மாட்டியது. ஹேண்டிலை முழுக்க வலது பக்கம் திருப்பினால் பின் பிரேக் வயர் விண்ணென்று இழுத்துக்கொண்டது. அப்படியே விட்டால் திரும்பும்போது பிரேக் தானாகப் பிடிக்கும், இல்லை வயர் கழன்றுகொள்ளும். வாய்க்கால் ஓரத்தில் அது நடந்தால் நேராகத் தண்ணீர்தான். புது வயரும் கொஞ்சம் நீளமான உறையும் போட்டான். பார், வயர், கூலி எல்லாம் சேர்த்து 850 ரூபாய். கூலி வேண்டாம் என்றான், சட்டைப்பையில் திணித்துவிட்டு வந்தேன்.

இப்போது ஹேண்டில்பார் 99 சென்டிமீட்டர், சீட்டுக்கு 5 மேலே. ஆறு வாரம் கழித்து டாக்டரிடம் போனபோது வலது கையில் ஒன்றுமில்லை, இடது சுண்டு விரலில் எப்போதாவது லேசாக. நரம்பு டெஸ்ட் தேவையில்லை என்றார். சட்டைப் பட்டனை நானே போடுகிறேன். சைக்கிளைக் கேட்டு வந்த ஆளுக்கு உங்கள் அம்மாவே, "அவரு ஓட்டறாருங்க" என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டார்.

எல்லாம் லாபமில்லை. கையிலிருந்து எடுத்த எடை எங்கேயும் ஆவியாகிப் போகாது, சீட்டுக்குப் போகிறது. முதல் வாரம் உட்காருமிடம் வலித்தது. வாய்க்கால் மேட்டில் ஏறும் செங்குத்தான சரிவில் முன்சக்கரம் லேசாகி அலைபாய்கிறது. அந்த இடத்தில் முழங்கையை மடக்கி மார்பை முன்னால் கொண்டுபோக வேண்டும், அல்லது இறங்கித் தள்ள வேண்டும். நான் இறங்கித் தள்ளுகிறேன். ஆடிக் காற்றில் இந்த நிமிர்ந்த மார்பு பாய்மரம் மாதிரி நிற்கும் என்பதும் தெரிகிறது, பார்ப்போம்.

என் தங்கை மகன் பொங்கலுக்கு வந்தவன், "மாமா, மவுண்டன் பைக்கைப் பால்காரர் சைக்கிள் ஆக்கிட்டீங்களே!" என்று சிரித்தான். மாப்பிள்ளைக்கு அங்கேயே ஒரு வரலாற்று வகுப்பு எடுத்தேன், இங்கேயும் சுருக்கமாக. மலை சைக்கிள் பிறந்தது கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, டமால்பைஸ் மலைச் சரிவுகளில். 1970களில் அந்த ஊர் இளைஞர்கள் புது வண்டி எதையும் தேடவில்லை. 1930, 40களின் பழைய தடித்த டயர் ஷ்வின் சைக்கிள்களைத் தூசி தட்டி எடுத்து மலையிலிருந்து இறங்கினார்கள். 1976-ல் அவர்கள் ஆரம்பித்த பந்தயத்தின் பெயர் ரீபேக். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக், இறக்கத்தில் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் எரிந்துவிடுமாம். ஒவ்வொரு முறையும் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். அந்த வண்டிகளின் ஹேண்டில்பார் அகலமாக, உயர்ந்து, பின்னால் வளைந்து, ஏறக்குறைய நம் பால்காரர் வண்டி மாதிரிதான் இருந்தது. பிற்பாடு 1990களில் பந்தய மோகத்தில் பார் தாழ்ந்து, குறுகி, ஸ்டெம் நீண்டது. இப்போது மறுபடி ஸ்டெம் குட்டையாகி, பார் முக்கால் மீட்டருக்கு மேல் அகலமாகிவிட்டது. ஆக நான் கெடுத்தது எதையும் இல்லை மாப்பிள்ளை, பழையபடி ஆக்கியிருக்கிறேன்.

என்னோடு வேலை பார்த்த அறிவியல் வாத்தியாரை உங்களில் பலருக்குத் தெரியும். 70 ஆகிறது. மருமகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிள் இரண்டு வருஷமாக அவர் வீட்டுத் திண்ணையில் நிற்கிறது, மேலே துண்டு காய்கிறது. "குனிஞ்சா கழுத்து வலிக்குதுங்க, நமக்கு வயசாயிடுச்சு" என்கிறார். போய்ப் பார்த்தேன். அதில் குழாயை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள், ஒரு வளையம்கூட மேலே இல்லை. ஸ்டெம்மைத் திருப்ப முடியும், ரைசர் பார் போட முடியும். அதுவும் போதாவிட்டால் குழாயின் மேல் மாட்டி உயரம் கூட்டும் இணைப்பு ஒன்று கிடைக்கிறது, கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் துண்டை எடுத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். டேப்பும் பென்சிலும் நான் கொண்டு போகிறேன்.